உபகாரமா, உரிமையா? பொலிஸ்காரரின் ஓய்வூதியம் கடந்துவந்த பாதை

யாழ்ப்பாணத்தில் நான் பாடசாலை மாணவனாக இருந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் இளைப்பாறிய பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் குடியிருந்தார். ஊரில் எல்லோரும் அவரைச் 'சார்ஜன்ட் ஐயா' என்றே அழைப்பார்கள். மாதத்தில் ஒரு நாள் மாத்திரம் அவர் வெள்ளை வேட்டியும் மடிப்புக் குலையாத சேர்ட்டும் அணிந்து, சைக்கிளில் பட்டணத்துக்குப் புறப்படுவார். அது பென்சன் எடுக்கும் நாள். திரும்பி வரும்போது எங்களுக்கு இனிப்பு ஏதாவது கொண்டுவருவார் என்பதால் அந்த நாளை அவரைவிட ஆவலுடன் நாங்கள் எதிர்பார்த்திருப்போம்.

பென்சன் என்ற சொல்லுக்கு அந்தத் தலைமுறையினர் எழுத்தில் பயன்படுத்திய தமிழ்ச் சொல் 'உபகாரச் சம்பளம்' என்பதாகும். இன்று ஓய்வூதியம் என்கிறோம். ஒரு நாள் சார்ஜன்ட் ஐயாவின் கடிதமொன்றில் அந்தச் சொல்லைக் கண்டு, அதன் பொருள் என்ன என்று கேட்டேன். "ஆர் ஆருக்குச் செய்த உபகாரம் தம்பி? முப்பது வருசம் ராவிலையும் மழையிலையும் நிண்டதுக்கு அவங்கள் பிடிச்சு வைச்ச கூலி இது" என்று சற்றுக் கோபமாகவே சொன்னார். சிறுவனாகிய எனக்கு அந்தக் கோபத்தின் காரணம் அப்போது விளங்கவில்லை.

பத்திரிகைத் துறைக்கு வந்த பிறகு, இளைப்பாறிய அரசாங்க உத்தியோகத்தர்களின் பிரச்சினை ஒன்றைப் பற்றி எழுதவேண்டியிருந்த சந்தர்ப்பத்தில், எமது நாட்டின் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பை முதன்முதலாகப் படித்தேன். அதன் முதலாவது பிரிவே, அரசாங்க சேவையாளர் எவருக்கும் ஓய்வூதியம் பெறுவதற்கான முற்றுமுழுதான உரிமை எதுவும் கிடையாது என்று கூறுகிறது. சார்ஜன்ட் ஐயாவின் கோபம் அன்றுதான் எனக்கு விளங்கியது. சட்டத்தின் கண்களில் அது உபகாரமே தவிர உரிமையல்ல.

இந்த வசனம் கொழும்பில் பிறந்ததல்ல. அது பிரித்தானிய ஆட்சியின் சிந்தனை மரபிலிருந்து வந்தது. அதன் வேரைத் தேடிச் சென்றால், சட்டத்தைக் காப்பதற்காக அரசு நியமித்த மனிதர்களின் முதுமைக் காலத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் எவ்வாறு இழுபறிப்பட்டது என்பதைக் காணலாம். அந்த வரலாற்றில் இரண்டு கமிஷனர்களின் பதவி விலகல்கள் இருக்கின்றன. வேலைநிறுத்தங்கள் இருக்கின்றன. இராணுவமும் போர்க்கப்பலும்கூட இருக்கின்றன. பொலிஸாருக்கான ஓய்வூதிய நன்மைகள் விரிவாக்கப்பட்ட ஒவ்வொரு தடவையும் ஆட்சியாளர்களின் மனதில் இருந்தது என்ன என்பதை அறிந்துகொள்ள அந்த வரலாறு பெரிதும் உதவும்.

பழைய சீருடை விற்ற பணம்

இலண்டன் மாநகரப் பொலிஸ் படை 1829 ஆம் ஆண்டு உள்துறை அமைச்சராக இருந்த சேர் ரொபர்ட் பீலினால் உருவாக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டெம்பர் 29 ஆம் திகதி அதன் முதற் கான்ஸ்டபிள்கள் வீதிக்கு வந்தனர். வாரச் சம்பளம் 21 ஷில்லிங். அதிலும் ஒரு பகுதி பிடித்துக்கொள்ளப்பட்டது. இந்தச் சம்பளத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் நிலைத்து நிற்கவில்லை. முதலாம் இலக்கத்தைப் பெற்ற கான்ஸ்டபிளே முதல் நாளில் குடிபோதைக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டார் என்பது பொலிஸ் வரலாற்றில் பலராலும் சொல்லப்படும் செய்தி. முதற் சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் விலக்கப்பட்டனர். மேலும் பலர் தாமாகவே விலகிச் சென்றனர்.

பயிற்றப்பட்ட மனிதனைப் படையில் பிடித்து வைத்திருப்பது எவ்வாறு? அதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழிகளில் ஒன்றுதான் ஓய்வூதியம். 1839 ஆம் ஆண்டின் மாநகரப் பொலிஸ் சட்டத்தின் கீழ் ஓய்வூதிய நிதியம் ஒன்று அமைக்கப்பட்டது. ஒவ்வொரு கான்ஸ்டபிளின் சம்பளத்திலும் நூற்றுக்கு 2.5 வீதம் வரை பிடிக்கப்பட்டு அந்த நிதியத்தில் சேர்க்கப்பட்டது. தவறு செய்த பொலிஸ்காரர் மீது விதிக்கப்பட்ட தண்டப் பணமும், கழிக்கப்பட்ட பழைய சீருடைகளை விற்ற பணமும்கூட அதற்குள் சென்றன. மொத்தத்தில், பொலிஸ்காரனின் முதுமைக்கான செலவின் பெரும்பகுதியை அவனுடைய சட்டைப் பையிலிருந்தும், சில வேளைகளில் அவனுடைய சட்டையிலிருந்துமே அரசு பெற்றுக்கொண்டது.

அடுத்த ஆண்டு, 1840 இல், மாவட்டங்களின் பொலிஸ் படைகளுக்கும் இதுபோன்ற ஏற்பாடு சட்டமாக்கப்பட்டது. அறுபது வயதுக்கு முன்னர் ஓய்வூதியம் கேட்பவர், உடலாலோ மனதாலோ இனிமேல் கடமையாற்ற இயலாதவர் என்று நிரூபிக்கப்படவேண்டும். அதைவிட முக்கியமானது அந்தச் சட்டத்தில் இருந்த ஒரு நிபந்தனை. இங்கு கூறப்பட்ட எதுவும் எந்தவொரு கான்ஸ்டபிளுக்கும் ஓய்வூதியத்தில் முற்றுமுழுதான உரிமையை வழங்குவதாகவோ, ஓய்வூதியமின்றி அவரை வேலைநீக்கம் செய்வதைத் தடுப்பதாகவோ பொருள்கொள்ளப்படக்கூடாது என்று அது கூறியது. எமது பிரமாணக் குறிப்பின் முதலாவது பிரிவைப் படித்த எவரும் இந்தக் குரலை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இதன் நடைமுறை விளைவை எண்ணிப் பார்க்கவேண்டும். 19 ஆண்டுகள் சேவையாற்றிய ஒரு மனிதன் மேலதிகாரியுடன் முரண்பட்டு வேலைநீக்கம் செய்யப்பட்டால், அத்தனை ஆண்டுகளும் அவனுடைய சம்பளத்தில் பிடிக்கப்பட்ட பணத்தோடு ஓய்வூதிய எதிர்பார்ப்பும் போய்விடும். சேவைக்காலம் கூடக்கூட இழப்பதற்கு இருப்பதும் கூடிக்கொண்டே போகும். எனவே மூத்த பொலிஸ்காரனே மிகவும் அடங்கிப் போகவேண்டியவனாக இருந்தான். ஓய்வூதியம் ஒரே வேளையில் வாக்குறுதியாகவும் கடிவாளமாகவும் செயற்பட்டது.

கமிஷனரின் பதவி விலகல்

இந்த நிலைமையை மாற்ற முனைந்தவர்களில் முக்கியமானவர் கான்ஸ்டபிள் அல்லர். மாநகரப் பொலிஸின் தலைவரே அவர். 1888 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் இலண்டனின் கிழக்குப் பகுதியில் நிகழ்ந்த தொடர் கொலைகளைப் பற்றி வாசகர்கள் அறிந்திருப்பார்கள். 'ஜக் த ரிப்பர்' என்ற பெயரால் அறியப்பட்ட அந்தக் கொலையாளியைப் பிடிக்க முடியாமல் பொலிஸார் திணறிக்கொண்டிருந்த வேளையில் கமிஷனர் சேர் சார்ள்ஸ் வொரன் பதவி விலகினார். அவருடைய இடத்துக்கு வந்தவர் ஜேம்ஸ் மன்றோ. இந்தியாவில் வங்காள சிவில் சேவையில் பல ஆண்டுகள் பணியாற்றிய பின்னர் இலண்டன் திரும்பியவர்.

மன்றோ தன்னுடைய ஆட்களின் ஓய்வூதியப் பிரச்சினையைக் கையில் எடுத்தார். இரவுக் கடமையாலும் குளிராலும் உடல் தேய்ந்துபோகும் ஒருவரை மருத்துவச் சான்றிதழுக்காகக் காத்திருக்கச் செய்வது நியாயமல்ல என்பதும், குறிப்பிட்ட சேவைக்காலத்தை முடித்தவருக்கு ஓய்வூதியம் உறுதியாகக் கிடைக்கவேண்டும் என்பதும் படையினரின் நெடுநாளைய கோரிக்கைகளாக இருந்தன. உள்துறை அமைச்சர் ஹென்றி மத்தியூஸ் கொண்டுவரவிருந்த சட்டமூலம் போதுமானதல்ல என்று மன்றோ கருதினார். இருவருக்கும் இடையிலான கருத்து வேறுபாடு முற்றியது. வேறு சில காரணங்களும் அதனுடன் சேர்ந்துகொள்ள, 1890 ஜூன் மாதத்தில் மன்றோ பதவி விலகினார். தனக்குக் கீழே இருப்பவர்களின் முதுமைக் காலத்துக்காக உயர் பதவியைத் துறந்த அதிகாரிகள் வரலாற்றில் அதிகம் பேர் இல்லை. பின்னர் அவர் மீண்டும் வங்காளத்துக்குச் சென்று ராணாகாட் என்ற இடத்தில் ஏழைகளுக்கான மருத்துவ மிஷன் ஒன்றை நிறுவினார்.

மன்றோவுக்குப் பின்னர் கமிஷனராக நியமிக்கப்பட்ட சேர் எட்வேர்ட் பிராட்போர்டும் இந்தியாவில் சேவையாற்றியவர். அங்கு புலி தாக்கியதில் ஒரு கையை இழந்தவர். அவர் பதவியேற்ற சில வாரங்களுக்குள், ஜூலை மாதத்தில், போ ஸ்ட்ரீட் பொலிஸ் நிலையத்தில் கான்ஸ்டபிள்கள் கடமைக்குச் செல்ல மறுத்தனர். கூட்டத்தைக் கலைக்கக் குதிரைப்படை வரவழைக்கப்பட்டது. 39 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். வேலைநிறுத்தம் சில நாட்களில் அடங்கிப்போனது.

ஆனால், அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பாராளுமன்றம் பொலிஸ் சட்டத்தை நிறைவேற்றியது. 25 ஆண்டுகள் சேவையாற்றிய பொலிஸ்காரர் மருத்துவச் சான்றிதழ் எதுவுமின்றி ஓய்வூதியத்துடன் இளைப்பாறலாம் என்பது அதன் மூலம் உரிமையாக்கப்பட்டது. அதிகாரியின் தயவில் தங்கியிருந்த ஒன்று சட்டத்தின் மூலம் கேட்டுப் பெறக்கூடிய ஒன்றாக மாறியது. எனினும் வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்கு அது கிடையாது என்பதில் மாற்றம் வரவில்லை. அந்த 39 பேரும் வெளியில் நின்றுகொண்டே சட்டம் நிறைவேறியதைப் பார்த்தனர்.

பத்து ஷில்லிங்கும் ஒரு விதவையும்

முதலாம் உலகப் போர் எல்லாவற்றையும் மாற்றியது. பொருட்களின் விலைகள் இரட்டிப்பாகியபோதும் பொலிஸாரின் சம்பளம் அதற்கேற்ப உயரவில்லை. கடமை நேரம் கூடியது. 1913 இல் இரகசியமாகத் தொடங்கப்பட்ட பொலிஸ், சிறைச்சாலை அலுவலர்களின் தேசிய சங்கத்தில் பல ஆயிரம் பேர் சேர்ந்தனர். 1918 ஆகஸ்ட் மாதத்தில் தீல் என்ற கான்ஸ்டபிள் சங்க நடவடிக்கைக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டார். ஆகஸ்ட் 30 ஆம் திகதி இலண்டன் பொலிஸார் சுமார் 12,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். போரின் கடைசி மாதங்களில், ரஷ்யாவில் புரட்சி நடந்து ஓராண்டு ஆகாத வேளையில், தலைநகரத்தின் வீதிகளில் பொலிஸார் இல்லை. வைட்ஹோலில் இராணுவத்தினர் காவல் நின்றனர்.

மறுநாளே பிரதமர் லொயிட் ஜோர்ஜ் சங்கத்தின் பிரதிநிதிகளைச் சந்தித்தார். உடன்பாடு உடனே ஏற்பட்டது. வாரச் சம்பளம் 13 ஷில்லிங்கால் உயர்த்தப்பட்டு, ஆகக் குறைந்த சம்பளம் 43 ஷில்லிங் ஆக்கப்பட்டது. இந்த உயர்வு ஓய்வூதியக் கணிப்பிலும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. தீல் மீண்டும் வேலையில் அமர்த்தப்பட்டார். இவை எல்லாவற்றுக்கும் நடுவே, பத்திரிகைகளில் அதிகம் பேசப்படாத ஒரு வரி இருந்தது. பொலிஸ்காரரின் விதவைக்கு வாரத்துக்கு 10 ஷில்லிங் ஓய்வூதியம் வழங்கப்படும் என்பதே அந்த வரி.

அதற்கு முன்னர், கணவன் கடமையின்போது காயப்பட்டு இறந்தால் விதவைக்கு ஓய்வூதியம் கிடைக்கும். நிமோனியாவினால் படுக்கையில் இறந்தால் அவளுக்கு நிச்சயமாக எதுவும் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆண்டுக்கணக்கான இரவு ரோந்துதான் அந்த நோய்க்குக் காரணமாக இருந்தாலும் அதை எவரால் நிரூபிக்க முடியும்? விதவைகளின் இந்தத் துயரத்தைப் பற்றிய மனுக்கள் நெடுங்காலமாக எழுதப்பட்டு வந்திருந்தன. மனுக்களால் கிடைக்காதது இரண்டு நாள் வேலைநிறுத்தத்தினால் கிடைத்தது.

அந்த நாட்களில் விடுமுறையில் சென்றிருந்த கமிஷனர் சேர் எட்வேர்ட் ஹென்றி பதவி விலகினார். அவரும் வங்காளத்தின் முன்னாள் பொலிஸ் மா அதிபர். கைரேகைகளை வகைப்படுத்தும் முறையைக் கல்கத்தாவில் அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இருவரின் உழைப்புடன் உருவாக்கியவர். மன்றோ, பிராட்போர்ட், ஹென்றி என்று இந்த வரலாற்றில் வரும் மூன்று கமிஷனர்களுமே இந்தியாவில் ஆட்சி செய்யப் பழகியவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஏகாதிபத்தியத்தின் பொலிஸ் சிந்தனை இலண்டனிலிருந்து எமது பக்கம் வந்தது மட்டுமல்ல, எமது பக்கத்திலிருந்து இலண்டனுக்கும் சென்றது.

லிவர்பூலில் தொலைந்த ஓய்வூதியங்கள்

1918 இன் வெற்றியினால் பொலிஸ் சங்கம் தன்னம்பிக்கை பெற்றது. அரசாங்கமோ பாடம் படித்துக்கொண்டது. 1919 இல் டெஸ்பரோ பிரபுவின் தலைமையில் குழுவொன்று அமைக்கப்பட்டு பொலிஸாரின் நிலைமை முழுமையாக ஆராயப்பட்டது. அந்தக் குழு தாராளமான சம்பள உயர்வைச் சிபாரிசு செய்தது. ஆரம்பச் சம்பளமே வாரத்துக்கு 70 ஷில்லிங் என்று முன்மொழியப்பட்டது. அதே வேளையில் அரசாங்கம் பாராளுமன்றத்தில் கொண்டுவந்த சட்டமூலம் பொலிஸார் தொழிற்சங்கத்தில் சேர்வதைத் தடைசெய்தது. சங்கத்துக்குப் பதிலாக, அரசினால் அமைக்கப்படும் பொலிஸ் சம்மேளனம் ஒன்று முன்வைக்கப்பட்டது. அந்தச் சம்மேளனத்துக்கு வேலைநிறுத்தம் செய்யும் அதிகாரம் இல்லை.

இதனை எதிர்த்து சங்கம் ஜூலை 31 ஆம் திகதி வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. இம்முறை அழைப்பை ஏற்றவர்கள் மிகச் சிலரே. முந்திய ஆண்டில் 12,000 பேர் வெளியேறிய இலண்டன் மாநகரப் படையில் 1,156 பேர் மாத்திரமே வேலைநிறுத்தம் செய்தனர். கைக்கெட்டிய சம்பள உயர்வையும் காத்திருக்கும் ஓய்வூதியத்தையும் இழக்க மற்றவர்கள் விரும்பவில்லை. அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தனர்.

லிவர்பூலில் நிலைமை வேறாக இருந்தது. அங்கு படையின் ஏறக்குறைய அரைவாசிப் பேர், சுமார் 950 பேர், வெளியேறினர். நகரில் கடைகள் சூறையாடப்பட்டன. இராணுவமும் டாங்கிகளும் வந்தன. மேர்சி ஆற்றில் 'வேலியன்ட்' என்ற போர்க்கப்பல் வந்து நங்கூரமிட்டது. நாடு முழுவதிலும் வேலைநிறுத்தத்தில் பங்குபற்றிய 2,300 க்கும் அதிகமான பொலிஸார் அனைவரும் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். ஒருவர்கூட மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. அவர்கள் அதுவரை சேர்த்திருந்த ஓய்வூதிய உரிமையும் இல்லாமற்போனது. பதினைந்து, இருபது ஆண்டுகள் இரவு பகலாக உழைத்தவருக்கும் அதே கதிதான்.

சங்கத்தின் பொதுச் செயலாளராக இருந்த முன்னாள் சார்ஜன்ட் ஜக் ஹேய்ஸ் 1923 இல் லிவர்பூலின் எட்ஜ் ஹில் தொகுதி இடைத்தேர்தலில் வெற்றிபெற்று அந்த நகரின் முதல் தொழிற்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினரானார். நீக்கப்பட்டவர்களுக்காக அவர் பாராளுமன்றத்தில் தொடர்ந்து குரல் கொடுத்தார். 1924 இல் ஆட்சிக்கு வந்த அவருடைய கட்சியின் அரசாங்கம் விசாரணைக் குழுவொன்றை அமைத்ததே தவிர, அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை.

இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் 1980 ஜூலை எனக்கு நினைவுக்கு வரும். எமது நாட்டில் அந்த மாதம் நடைபெற்ற பொது வேலைநிறுத்தத்தில் பங்குபற்றிய பல்லாயிரக்கணக்கான அரசாங்க ஊழியர்கள் பதவியை விட்டுச் சென்றவர்களாகக் கருதப்பட்டனர். என் தந்தையாரின் நண்பர் ஒருவரும் அவர்களில் அடங்குவார். மாலை வேளைகளில் எங்கள் விறாந்தையில் வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவர் இழந்தது அன்றைய சம்பளத்தை மட்டுமல்ல, அடுத்த முப்பது வருடத்தையும் என்று என் தந்தையார் பின்னொரு நாள் சொன்னார். லிவர்பூலும் யாழ்ப்பாணமும் அந்த ஒரு விடயத்தில் வெகு தூரத்தில் இல்லை.

விரிவாக்கத்துக்கு வெளியே நின்றவர்கள்

வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1921 இல், பொலிஸ் ஓய்வூதியச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 25 ஆண்டு சேவைக்குச் சம்பளத்தின் அரைவாசியும், 30 ஆண்டு சேவைக்கு மூன்றில் இரண்டு பங்கும் ஓய்வூதியம் என்ற பொது விதி நாடு முழுவதற்கும் வகுக்கப்பட்டது. 'முப்பது ஆண்டுக்கு மூன்றில் இரண்டு' என்ற அந்த எதிர்பார்ப்பு பல தலைமுறைப் பொலிஸாரின் வாழ்க்கைக் கணக்காக இருந்துவந்தது. குரலை விட்டுக்கொடுத்ததற்குக் கிடைத்த விலை அது என்று கூறினால் மிகையாகாது.

ஆனால், அந்த விலையும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 1919 இல் இலண்டனில் சேர்த்துக்கொள்ளப்பட்ட பெண் ரோந்துப் பிரிவினருக்கு எவரையும் கைதுசெய்யும் அதிகாரமும் இருக்கவில்லை, ஓய்வூதியமும் இருக்கவில்லை. 1923 இல்தான் கைதுசெய்யும் அதிகாரம் அவர்களுக்குக் கிடைத்தது. அதன் பின்னரும் திருமணம் செய்துகொள்ளும் பெண் பொலிஸார் வேலையை விடவேண்டும் என்ற விதி 1946 வரை நீடித்தது. 25 ஆண்டுச் சேவையை எட்டுவதற்கு ஒரு பெண் திருமணத்தைத் துறக்கவேண்டியிருந்தது. சட்டப் புத்தகத்தில் ஓய்வூதியம் இருபாலாருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருந்தாலும் நடைமுறையில் அது ஆண்களுக்குரியதாகவே இருந்தது.

விதவைகளின் கதை இன்னும் நீண்டது. 1918 இல் 10 ஷில்லிங்காகத் தொடங்கிய விதவை ஓய்வூதியம் பின்னர் பல தடவைகள் உயர்த்தப்பட்டபோதிலும், மறுமணம் செய்துகொண்டால் அது நின்றுவிடும் என்ற நிபந்தனை தொடர்ந்தது. 1987 ஆம் ஆண்டுத் திட்டத்திலும் அந்த நிபந்தனை இருந்தது. வேறொருவருடன் சேர்ந்து வாழ்ந்தாலும் ஓய்வூதியம் இல்லாமற்போகும். 2006 ஆம் ஆண்டுத் திட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களின் துணைவருக்கு வாழ்நாள் முழுவதற்குமான ஓய்வூதியம் உறுதிப்படுத்தப்பட்டது. பழைய திட்டத்தின் கீழிருந்த விதவைகளுக்கு அது பொருந்தவில்லை. இள வயதில் கணவனைப் பறிகொடுத்த பெண்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின்னர், கடமையின்போது உயிரிழந்தவர்களின் துணைவர் மறுமணம் செய்தாலும் ஓய்வூதியத்தை இழக்கமாட்டார்கள் என்ற மாற்றம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நோயினால் இறந்தவர்களின் விதவைகளை அந்த மாற்றம் உள்ளடக்கவில்லை. 1918 க்கு முன்னர் இருந்த அதே பிரிகோடு, ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் இன்னொரு வடிவத்தில் திரும்பி வந்தது.

அதே 2015 ஏப்ரலில் இன்னொரு மாற்றமும் வந்தது. செலவைக் குறைக்கும் நோக்குடன் புதிய ஓய்வூதியத் திட்டம் அறிமுகப்படுத்தப்பட்டது. இறுதிச் சம்பளத்துக்குப் பதிலாகச் சேவைக்காலம் முழுவதினதும் சராசரிச் சம்பளம் கணக்கில் எடுக்கப்பட்டது. வழமையான ஓய்வூதிய வயது 60 ஆக்கப்பட்டது. வயதில் மூத்தவர்களைப் பழைய திட்டத்திலேயே விட்டுவைத்து, இளையவர்களைப் புதிய திட்டத்துக்கு மாற்றியது வயது அடிப்படையிலான பாகுபாடு என்று, நீதிபதிகளும் தீயணைப்புப் படையினரும் தொடர்ந்த வழக்குகளில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதன் பயன் பொலிஸாருக்கும் கிடைத்தது. 2015 முதல் 2022 வரையான காலத்துக்குப் பரிகாரம் வழங்கவேண்டிய நிலை அரசாங்கத்துக்கு ஏற்பட்டது. 2022 ஏப்ரல் முதல் எல்லோரும் புதிய திட்டத்துக்கு மாற்றப்பட்டனர்.

வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லாதவர்களுக்கு நீதிமன்றமே எஞ்சியிருந்தது. பொலிஸாரின் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசும்போது பொதுமக்களின் வரிப்பணம் என்ற வாதம் எப்போதும் முன்வைக்கப்படும். அது புறக்கணிக்கத்தக்க வாதமல்ல. ஐம்பது வயதளவில் ஓய்வூதியம் பெறத் தொடங்கும் ஒருவர் அடுத்த முப்பது ஆண்டுகளும் வாழ்ந்தால் அந்தச் செலவை யாராவது ஏற்றாகவேண்டும். வயல்களிலும் தொழிற்சாலைகளிலும் உடல் தேய உழைத்து எந்த ஓய்வூதியமும் இல்லாமல் முதுமையடையும் மனிதன், எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், தொழிற்சங்கம் வைக்காதே, வேலைநிறுத்தம் செய்யாதே, அதற்கு ஈடாக உன் முதுமையை நாம் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு தரப்புக்கு வாக்குக் கொடுத்த அரசு, அவர்களின் கைகளைக் கட்டிவிட்டு அந்த வாக்கை ஒருதலைப்பட்சமாகத் திருத்தி எழுதுவது நேர்மையாகுமா என்பதே கேள்வி.

இலங்கையிலும் பொலிஸாருக்குத் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை இல்லை. ஓய்வூதியத்தில் முற்றுமுழுதான உரிமை இல்லை என்ற வசனமும் பிரமாணக் குறிப்பில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1890 இல் சட்டத்தின் மூலம் மறுக்கப்பட்ட அந்தச் சிந்தனை, அதன் முன்னாள் குடியேற்ற நாட்டில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. பொலிஸாரினால் எமது மக்கள் பட்ட துன்பங்களை நான் அறியாதவன் அல்லன். அவற்றைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறேன். ஆனாலும், தன் முதுமைக்காகத் தானே உரிமையுடன் வாதாட முடியாத ஒரு படை, மற்றவர்களின் உரிமைகளை மதிக்கக் கற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது கடினம் என்றே கருதுகிறேன்.

சார்ஜன்ட் ஐயா 1980 களின் நடுப்பகுதியில் காலமானார். அவருடைய மனைவிக்கு விதவை ஓய்வூதியம் கிடைத்தது. 1898 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இலங்கையில் தொடங்கப்பட்ட விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதியத்துக்குக் கணவன்மாரின் சம்பளத்திலிருந்தே பணம் பிடிக்கப்பட்டது. அந்த வகையில் அதுவும் உபகாரமல்ல. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது அந்த அம்மாவும் நடந்தார். கையில் ஒரு சிறிய பை மட்டுமே இருந்தது. மாற்றுச் சேலை இரண்டு, மருந்து, பென்சன் கடதாசிகள். மழையில் நனையாமல் அந்தக் கடதாசிகளை மூன்று பொலித்தீன் பைகளுக்குள் சுற்றிவைத்திருந்தார் என்று அவருடன் கூட நடந்த என் தாயார் சொன்னார்.

பல மாதங்களுக்குப் பின்னர் ஊர் திரும்பி, உயிர்வாழ் சான்றிதழுக்காகச் சென்றபோது, மறுமணம் செய்யவில்லையே என்று அவரிடம் வழமைப்படி கேட்கப்பட்டதாம். எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "இல்லைத் தம்பி. அவர் நிண்ட நிலைக்குக் குடுத்த காசு. அதை வாங்க ஆள் நான் இருக்கிறன் எண்டு எழுதும்" என்றாராம். கணவர் கோபத்துடன் சொன்னதை மனைவி சிரித்துக்கொண்டு சொன்னார் என்பதைத் தவிர, இருவரின் வாதமும் ஒன்றுதான்.